கரையான் படிப்பு

"அந்தக் காலேஜ் பேச்சை மறுபடி எடுக்காதே," என்றார் தச்சர், கையிலிருந்த உளியைக் கீழே வைக்காமலே.

"பஸ்ல ஏறினா கால் மணி நேரம்ப்பா. விலங்கியல் இருக்கு. இடமும் தரேங்கறாங்க," என்றாள் மகள்.

"உங்கண்ணனுக்கும்தான் தந்தாங்க. பட்டம் வாங்கினான். அதுக்கு மேல படிக்கப் போனா ஒருத்தரும் சீந்தல. இப்ப எங்க நிக்கறான் பாரு."

அண்ணன் பட்டறை மூலையில் நின்று உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. "மேல்படிப்புக்கு இடம் கிடைக்கலப்பா" என்று ஒருநாள் வந்து சொன்னவன்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அந்த மௌனம் தச்சருக்கு உள்ளங்கையில் ஏறிய மரச்சிராய் மாதிரி. வெளியே தெரியாது, எதைத் தொட்டாலும் வலிக்கும். ஒரு பிள்ளை பாதி வழியில் நின்றது போதும், இன்னொன்றும் அப்படி நிற்கக் கூடாது என்று மனசுக்குள் உறுதியெடுத்திருந்தார்.

மகளுக்கு ஆசையெல்லாம் கரையான்மேல்.

"நான் செய்யறதை அது தின்னும். அது தின்னறதை நீ படிப்பே. நல்லா விளங்கும் குடும்பம்," என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனாலும் பெரிய பல்கலைக்கழகத்தில் கரையானுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருப்பதாக அவள் சொன்னதிலிருந்து, அவருக்கும் வேறு நினைப்பில்லை.

அவர் தொழில் மாடிப்படி செய்வது; சில வருஷம் முன்பு அதிலிருந்தே விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர். மேல்தளத்தைப் பார்த்து, அங்கிருந்து அளந்துகொண்டே இறங்கினால்தான் கடைசிப் படி தரையில் ஒழுங்காக உட்காரும். மகள் படிப்பையும் அப்படியே அளந்துவிடுவோம் என்று, முதலில் பல்கலைக்கழகத்துக்கே போய் நின்றார்.

"என் பொண்ணு எந்தக் காலேஜ்ல படிச்சா இங்க சேர்த்துக்குவீங்க சார்?"

கரையான் பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்க வேணாலும் படிக்கட்டுங்க. ஆனா, பாடம் எடுத்த வாத்தியாருக்கு அவளை நல்லாத் தெரிஞ்சிருக்கணும். அவர் எழுதித் தர்ற நாலு வரிதான் எங்களுக்குப் பெருசு."

முதல் வாக்கியம் தச்சர் காதில் ஏறவே இல்லை.

வாத்தியாருக்கு நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் கூட்டம் இருக்கக் கூடாதே? அலைந்து திரிந்து, இருப்பதிலேயே சிறிய கல்லூரியைக் கண்டுபிடித்தார். விலங்கியல் துறையில் ஓர் ஆசிரியை. மாணவர் என்று யாருமில்லை.

"உங்க பொண்ணு வந்தா அவ ஒருத்திதான்," என்றார் ஆசிரியை, கண் கலங்க. "தும்மினாக்கூட அவதான்னு கண்டுபிடிச்சிடுவேன்."

தச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இன்னிக்கே சேர்த்துடறேம்மா."

"ஒரு சின்ன விஷயம். இந்த வருஷக் கடைசியில நான் ஓய்வு. அப்புறம் துறையை மூடிடுவாங்க."

"அப்ப மிச்சப் படிப்பு?"

"அதைத்தான் நானும் கேட்டிருக்கேன். பதில் வரல."

சிறியது சரிப்படவில்லை என்று பெரிய கல்லூரிக்கு ஓடினார். அங்கே வகுப்பில் மைக் வைத்துப் பாடம் நடந்தது. பிள்ளைகளை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாத்தியாருக்கு யாரைத் தெரியப் போகிறது? தெரிய வைத்துவிடுவோம் என்று முடிவு கட்டினார். அங்கே விலங்கியல் துறைத் தலைவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"மாடிப்படி நான் செஞ்சு தரேன் சார். கூலி வேண்டாம். என் பொண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கங்க."

மகனைக் கூட்டிக்கொண்டு போய் வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு பலகையை அடிக்கும்போதும் மகளின் பெருமை ஒன்றைச் சொல்வார். தலைவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து "ம்" கொட்டுவார். வேலை முடிந்த அன்று தலைவரின் மனைவி ஏறிப் பார்த்தார்.

"என்னங்க, செங்குத்தா இருக்கே. என் முழங்கால் என்னாகறது?"

பிரித்து மறுபடி போட்டார்கள். இறங்கும்போது தலை இடித்தது. அதையும் பிரித்தார்கள்.

ஒருவழியாக எல்லாம் முடிந்ததும் தலைவர் ஒரு தாளை நீட்டினார். மகன் வாங்கி உரக்கப் படித்தான்: "இவரை நான் நெருக்கமாக அறிவேன். பொறுமைசாலி. செய்ததைப் பிரித்துச் செய்யவும் முகம் சுளிக்காதவர். மேல்படிப்புக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன்."

"சார், இது என்னைப் பத்தியில்ல இருக்கு?" என்றார் தச்சர்.

"உங்களைத்தானே எனக்குத் தெரியும்?"

"போகட்டும் சார். பொண்ணை எப்பக் கூட்டிட்டு வரட்டும்?"

"எதுக்கு? சேர்க்கை முடிஞ்சிருக்குமே. வீட்டு வேலையில நான் காலேஜ் பக்கமே போகல."

வீட்டில் மகள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "பரவாயில்லப்பா. நம்ம பட்டறையிலேயே கரையான் இருக்கு. அண்ணனும் நானுமா பார்த்துக்கறோம்."

அன்று அப்பா, மகள் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

விடிந்ததும், வேண்டாமென்று தள்ளிய பக்கத்துக் கல்லூரிக்கே மகளை அழைத்துக்கொண்டு போனார். அங்கே சேர்க்கைக்குக் கடைசி நாள். பெற்ற மகளைத் தன் கையாலேயே பாழுங்கிணற்றில் இறக்குவது போலிருந்தது அவருக்கு.

தலை நரைத்த துறைத் தலைவி மகளோடு கொஞ்ச நேரம் கரையானைப் பற்றிப் பேசினார். பேசப் பேச முகம் மலர்ந்தது.

"சேர்ந்துக்கம்மா. உங்க பொண்ணு நல்லா வருவா, சார்."

"எங்க வர்றது மேடம்," என்றார் தச்சர். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "கோவிச்சுக்காதீங்க, வேற போக்கிடம் இல்லாமதான் இங்க வந்திருக்கேன். இங்க படிச்சவங்களை மேல யாரும் எடுத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். என் பையன் பட்டது போதாதா?"

"உங்க பையனா? எந்தப் பையன்?"

அவர் மகன் பெயரைச் சொன்னார். தலைவி பேனாவை மூடி வைத்தார். அவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் எடுத்துக்கலைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? அந்த வருஷம் பல்கலைக்கழகத்துல மேல்படிப்புக்கு முதல் இடமே அவனுக்குத்தான் தந்தாங்க. அப்பா கால் ஒடிஞ்சு படுத்திருக்கார், பட்டறையைப் பார்க்க ஆளில்லன்னு அவன்தான் வேண்டாம்னுட்டுப் போனான்."