அம்மாவின் அரைத் திரை

சனிக்கிழமை காலை கோணேசன் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் காற்றாலை இறக்கை செய்கிற இடத்தில் எட்டுப் பேரை மேய்க்கிற மனிசன், வீட்டில் ஒரு கேம் பெட்டியை அடக்க மாட்டாரா என்ன!

காரணம் மகள் சாருஜா. பத்து வயது. எந்நேரமும் அந்தப் பெட்டியோடுதான். தமிழில் கேட்டால் டேனிஷில் பதில். அடுத்த கிழமை தமிழ்ப் பள்ளியில் பேச்சுச் சோதனை. பிள்ளை வாய் திறக்காவிட்டால் நிர்வாகசபைத் தலைவரின் மானம் கப்பலேறும். தலைவர் வேறு யாருமில்லை, கோணேசன்தான்.

"வினோதா! உந்தப் பெட்டியை இண்டைக்கே ஆருக்காவது குடுக்கப் போறன்!"

"குடுங்கோ," என்றாள் மனைவி. "இந்த ஆட்டம் முடியட்டும். இருந்து பாருங்கோ."

"நீயுமோ விளையாடுறாய்?"

"தனிய விளையாட ஏலாதப்பா."

திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. பாலத்தில் பூசணிக்காய் வண்டி. பாதை சாருஜாவின் பக்கத்தில் மட்டும் தெரியும். வண்டியை இழுக்கிறது வினோதா. ஒருத்தி வாய் திறக்காவிட்டால் இரண்டு பேரும் ஆற்றில்.

"அம்மா, இடப்பக்கம் இழுங்கோ! ஐயோ, மெல்ல! முன்னுக்குப் பள்ளம்! நான் பிடிக்கிறன், நீங்கள் குனியுங்கோ!"

கோணேசன் வாயைப் பிளந்தார். கோயிலில் தீபாராதனை பார்த்ததுபோல உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொப்பி கொப்பியாக எழுத வைத்தும் வராத தமிழ், இப்போது மடை திறந்து கொட்டுது! கண்ணும் கலங்கிவிட்டது.

"எப்பிடியப்பா?"

"டேனிஷிலை சொன்னால் நான் அசைய மாட்டன். அவளுக்கு வெல்லோணும். சொல்லுத் தெரியாட்டி அவளே கேட்டுப் பிடிக்கிறாள். டேனிஷ் கதைக்கிற ஆள் அண்டைக்குக் கோப்பை கழுவோணும், அதுவும் சட்டம். நீங்கள் ஒருக்கா வழி சொல்லிப் பாருங்கோவன்."

தலைவர் கம்பீரமாக அமர்ந்தார். வண்டி விளிம்புக்குப் போனது. அவ்வளவுதான், தொழிற்சாலை மனிசன் விழித்துக்கொண்டார்; வாயில் வந்தது டேனிஷ்.

"ஹொய்ர! ஹொய்ர! பாஸ் போ!"

வினோதா கையைக் கட்டிக்கொண்டாள். பூசணிக்காய் அத்தனையும் ஆற்றோடு போச்சு.

"வலப்பக்கம், கவனம் எண்டு சொல்லோணுமப்பா," என்றாள் சாருஜா, பாவம் பார்த்து.

"சரி சரி, ரெண்டு கோப்பைதானே," என்றார் கோணேசன்.

"பதினாலு," என்றாள் வினோதா. "உங்கட நிர்வாகசபையை இண்டைக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறன்."

சாப்பாடு முடிந்தது. குசினியில் நுரைக்குள் முழங்கை வரை நின்ற தலைவரைச் சபை எட்டிப் பார்த்தது. "என்ன தலைவர், இதென்ன கோலம்?"

எல்லோரும் கேட்க, ஒரு பிழையும் இல்லாத தமிழில் சாருஜா பதில் சொன்னாள்:

"அப்பா டேனிஷ் கதைச்சவர். அதுதான் கழுவுறார்."