ரெண்டு விரல் பிடித்த கார்

ஞாயிறு, காலை

அன்பு நிறைந்த என் மச்சானுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது. உன் உடல்நலம், உன் பட்டறையின் நலம், வீட்டில் எல்லோருடைய நலம் ஆகியவற்றை நான் ஒவ்வொன்றாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். இங்கே உன் அக்கா நலம். நானும் நலம் என்று எழுதிவிட்டு அந்த வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அடிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். அதுவுமில்லாமல் நீ பாதிப் பேச்சிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், உன் சிரிப்பு ஓய்வதற்குள் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும். விஷயம் இதுதான். நான் ஒரு கார் வாங்கினேன். பழைய கார். ஸ்போர்ட்ஸ் கார். பாடியெல்லாம் மாற்றி அமைத்தது. சிரித்து முடித்துவிட்டு அடுத்த வரிக்கு வா.

உன் அக்கா உன்னைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பஸ் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்திலேயே அவளுக்கு வாந்தி. உன்னை உன் பட்டறை விடாது. எனக்கோ தையல் கடையை விட்டு நகர முடியாது, பள்ளிக்கூடச் சீருடை முடிந்தால் கல்யாணத் துணி, அது முடிந்தால் மறுபடியும் சீருடை. "கடையை வேற ஆளுக்குக் கொடுத்த மறுவாரமே சொந்தக் கார்ல கூட்டிட்டுப் போய் உன் தம்பி வாசல்ல இறக்கறேன்"னு வாக்குக் கொடுத்திருந்தேன். கடையைக் கொடுத்தாச்சு. அன்னைக்கே அவ பெட்டியைக் கட்டிக் கூடத்துல வச்சுட்டா. தினமும் காலையில அதைத் துடைக்கிறா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கறதில்லை, துடைக்க மட்டும் செய்யறா. அதைப் பார்த்துக்கிட்டே காபி குடிக்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

சரி, கார்னா ஒழுங்கா நாலு பேர் உட்கார்ற காரா வாங்கித் தொலைய வேண்டியதுதானேன்னு நீ கேப்ப. பார்த்தேன் மச்சான், பத்துப் பன்னிரண்டு பார்த்தேன். எல்லாம் ரெடிமேடு. நாற்பது வருஷம் ரெடிமேடைத் திட்டியே பொழைச்சவன் அதுக்குள்ள போய் எப்படி உட்கார்றது? இது அப்படி இல்லை. எவனோ ரசனையுள்ளவன் கம்பெனி உடம்பைப் பிரிச்சு, பக்கவாட்டுல அகலம் விட்டு, இடுப்புல பிடிச்சு, முன்னாடி தரையைத் தொடற மாதிரி தாடை வச்சு, பின்னாடி இறக்கை மாதிரி ஒரு பலகை ஏத்தி, கத்தரிப்பூ கலர் அடிச்சிருந்தான். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி உட்கார்ந்திருந்துச்சு. ரெண்டே சீட்டு. நானும் உன் அக்காவும். வேற யார் வேணும்?

வித்தவர் ஒரு ஒல்லி மனுஷர். கேட்டைப் பாதிதான் திறந்தார், அந்தச் சந்துலயே சுலபமா வெளியே வந்துட்டார். நான் காரை ஓட்டிப் பார்க்கலை, ஒரு சுத்து சுத்தி வந்து இஞ்ச் டேப்பால அளந்து பார்த்தேன். அதுதானே எனக்குத் தெரிஞ்ச தொழில். அப்புறம் உள்ள உட்கார்ந்தேன். சீட்டு கொஞ்சம் லூசு. மச்சான், இங்கதான் நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். நாற்பது வருஷப் பழக்கம், இடுப்புப் பக்கம் ரெண்டு விரலை விட்டுப் பார்த்துட்டு, கடையில சொல்ற மாதிரியே சத்தமா, "இங்க ரெண்டு விரல் பிடிச்சா கச்சிதமா இருக்கும்"னு சொன்னேன். அந்த மனுஷர் முகம் வெளுத்துப் போச்சு. "ஐயோ சார், உள்ள உட்கார்ந்துக்கிட்டு அப்படியெல்லாம் சொல்லாதீங்க"ன்னு கையைப் பிசைஞ்சார். பேரத்துல பயப்படறார் போலன்னு நான் இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கேட்டேன். உடனே கொடுத்துட்டார். சாவியை என் கையில வச்சுட்டுக் காரை விட்டு ரெண்டடி தள்ளிப் போய் நின்னார், முகத்துல பயம், கண்ணுல சந்தோஷம். ரெண்டையும் ஒண்ணா நான் வேற யார்கிட்டயும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில போய் உட்கார்ந்தா, சீட்டு ரெண்டு விரல் பிடிச்சிருக்கு. துல்லியமா ரெண்டு விரல். தையலைப் பிரிச்சுப் போட்டாங்களான்னு கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பழைய நூல், பழைய துளை, துளைக்குள்ள பழைய அழுக்கு. யாரும் கை வைக்கலை. நியாயமா நான் அப்பவே இறங்கி ஓடியிருக்கணும். ஆனா தொழில்காரன் புத்தி பாரு, 'ஆஹா, என்ன வேலைப்பாடு'ன்னு பூரிச்சுப் போய், "தோள்ல இன்னும் ஒரு நூல் அளவு உள்ள இழுத்தா பிரமாதம்"னு வேற சொல்லித் தொலைச்சேன். அடுத்த நாள் தோள்ல ஒரு நூல் உள்ள வந்திருந்துச்சு.

பழகறதுக்காக உன் அக்காவைத் தெருவுக்குள்ள ஒரு சவாரி கூட்டிட்டுப் போனேன். எங்க தெருவுல மூணு வேகத்தடை. மூணுலயும் முன் தாடை தரையைப் பிறாண்டுது. ஒவ்வொரு தடைக்கும் அவளை இறக்கி, நான் மெதுவா உருட்டி, மறுபடி ஏத்தி... நடந்தே போயிருந்தா ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கலாம்னு சொன்னா. பின்னாடி இறக்கையைப் பத்திக் கேட்டதுக்கு, "ரெண்டு துண்டு காயப்போடலாம்"னு சொன்னா. ஆனா அவ முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு மச்சான். பெட்டியை மடியில வச்சுக்கலாமான்னு கேட்டா. திங்கக்கிழமை கிளம்பிடலாம்னு சொல்லிட்டேன்.

திங்கக்கிழமை அவளுக்கு உட்கார முடியலை. இடுப்பு இடிக்குது. "அப்போ நான் பெருத்துட்டேன்னு சொல்றீங்க"ன்னு ஆரம்பிச்சா. நான் டேப்பை எடுத்து சீட்டைத்தான் அளந்தேன். இருபது இஞ்ச் இருந்த சீட்டு பதினெட்டரை. "உங்க டேப்பு தொய்ஞ்சு போச்சு"ன்னா. புது டேப்பு வாங்கினேன். அதுலயும் பதினெட்டரை. புதன்கிழமை பதினேழு. அவ ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சா, சீட்டு அதைவிட வேகமாக் குறைஞ்சுது. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. ஒரு பக்கம் பிடிச்சா மறுபக்கமும் பிடிக்கணும், இல்லேன்னா துணி கோணும். என் கடையில நான் நூறு தடவை சொன்ன பாடம். கார் அதையேதான் செய்யுது. அன்னையிலிருந்து நான் உள்ள உட்கார்ந்தா வாயை இறுக்க மூடிக்கிட்டேன், தும்மல் வந்தாக்கூட வெளியே போய்த் தும்மினேன். பிரயோஜனம் இல்லை. அது நான் சொல்றதுக்குக் காத்திருக்கலை. கத்துக்கிச்சு.

தெருக்கோடி மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். ஜாக்கி வச்சுத் தூக்கி, அடியில படுத்து, ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடறேன்னு பெயின்ட்டைச் சுரண்டினார். வெளியே வந்து கையைத் துடைச்சுக்கிட்டு, "ஒட்டு எங்கேயும் இல்லை சார். இது மாத்தின பாடி இல்லை, வளர்ந்த பாடி"ன்னார். என்னய்யா உளர்றன்னேன். ஸ்பேனரெல்லாம் எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினார். காலை பத்து மணிக்குக் கடை ஷட்டரை இறக்கிட்டுப் போறவரை நான் என்னன்னு கேக்கறது?

கோவம் கோவமா வித்த மனுஷர் வீட்டுக்குப் போனேன். நடந்துதான் போனேன். அவர் கதவைத் திறந்ததும் என் கண்ணு பழக்கத்துல அவர் சட்டையைப் பார்த்துச்சு. அளவெடுத்துத் தைச்ச சட்டை, நல்ல கைவேலை. ஆனா எல்லா இடத்துலயும் லூசு. வயித்துல லூசு, சரி, மனுஷன் இளைப்பான். தோள்ல மூணு விரல் தொங்குது மச்சான்! சதை குறையும், தோள் எலும்பு எங்கயாவது குறையுமா? நான் பார்க்கறதை அவரும் பார்த்தார். "போன வருஷம் இந்தச் சட்டை எனக்கு இறுக்கம் சார். கார் அவ்வளவு பிட்டா இருந்துச்சு, இறங்கவே மனசு வரலை. அப்புறம்தான் புரிஞ்சுது, அது எனக்கேத்த மாதிரி ஆகலை, நான்தான்..."னு நிறுத்தினார். திருப்பி எடுத்துக்கங்கன்னு கெஞ்சினேன். "அது இப்போ உங்க அளவுக்கு வந்துடுச்சு"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டார்.

வீட்டுக்கு வந்து, தன் தோளைத் தானே அளக்க முடியாதே, என் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நானே தைச்ச கோட்டு. தோள் தையல் சரியா எலும்பு நுனியில நிக்கும், முப்பத்தெட்டு வருஷமா நின்னுச்சு. இப்போ ஒரு விரல் கீழே இறங்கிக் கையில நிக்குது. கண்ணாடி முன்னாடி அப்படியே நின்னுட்டேன். எனக்குப் பயமா இருக்கு மச்சான். இதைச் சொல்ல வெக்கமா இல்லை.

அதனால நீ உடனே கிளம்பி வா. கேஸ் கட்டர், பெரிய சுத்தியல், உன் பட்டறையில இருக்கிற முரட்டு ஆள் ரெண்டு பேர், எல்லாத்தையும் கொண்டு வா. அந்தக் காரைத் துண்டு துண்டா வெட்டிப் போடு. அக்காகிட்ட இந்தக் கதை எதுவும் வேண்டாம், பார்க்கணும்னு தோணுச்சு, வந்தேன்னு சொல்லு. அவ பெட்டியைத் துடைக்கறதை நிறுத்தினாப் போதும் எனக்கு. நான் கூட்டிட்டு வர்றேன்னு சொன்ன வாக்கு போச்சு, போகட்டும். அவ உன்னைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்களும், சிறியவர்களுக்கு என் ஆசிகளும், உன் மனைவிக்கு மரியாதை கலந்த விசாரிப்பும் உரித்தாகுக. நீங்கள் எல்லோரும் இருக்கிற அளவிலேயே, ஒரு நூலும் குறையாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி,
அத்தான்

பின்குறிப்பு (திங்கள், காலை): வராதே. கட்டரும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். நேத்து கவரை ஒட்டப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் பேச்சைக் கேட்டுப் பிடிக்கிற கார், என் பேச்சைக் கேட்டு விட்டுக் கொடுக்காதா? உன் அக்காவைக் கூப்பிட்டு அளவெடுத்தேன். அவ துணியை எப்பவும் அவளேதான் தைச்சுக்குவா, எனக்கு நேரம் இருந்ததே இல்லை. கையை விரிச்சு நின்னுக்கிட்டு, "ஊருக்கெல்லாம் அளவெடுத்தீங்க, முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் கண்ணுக்குத் தெரிஞ்சேனா"ன்னு கேட்டா. நான் குனிஞ்சு குறிச்சுக்கிட்டேன், வேற என்ன செய்ய? அப்புறம் கார் ஜன்னல்ல நின்னு அளவை ஒவ்வொண்ணா வாசிச்சு, "இவளுக்கு விட்டுக் கொடு"ன்னு சொன்னேன்.

காலையில பார்த்தா விட்டுக் கொடுத்திருக்கு. ஆனா உள்ள எவ்வளவு துணி இருக்கோ அவ்வளவுதானே விட முடியும்? இப்போ கார்ல ஒரே சீட்டு. ஸ்டியரிங் அவ கை நீளத்துக்கு நெருங்கி வந்திருக்கு. பக்கத்துல பெட்டி வைக்க மட்டும் இடம். எனக்கு இடம் இல்லை. நான் தடுக்கறதுக்குள்ள அவ ஏறிட்டா. வாழ்க்கையில ஸ்டியரிங்கைத் தொடாதவ, தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிக்கறா. மூணு வேகத்தடையிலயும் கார் பாவாடையைத் தூக்கிக்கிட்டுத் தண்ணியைத் தாண்டற மாதிரி தாண்டிச்சு. "இறங்கு, தம்பியே வரட்டும்"னு கத்தினேன். "பதினோரு வருஷம் உங்க பேச்சைக் கேட்டாச்சு. ரொம்பப் பிட்டா இருக்குங்க"ன்னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே ரவிக்கையைத் தோள்ல ஏத்தி விட்டுக்கிட்டா. நான் பார்த்தேன்.

இதைக் காரோட பானெட் மேல வச்சு எழுதறேன், சூடா இருக்கு, மூச்சு விடற மாதிரி ஏறி இறங்குது, எழுத்து கோணியிருந்தா மன்னிச்சுக்கோ. "தம்பிக்கா? கொடுங்க, நானே கொடுத்துடறேன்"னு, பெட்டியை ஏத்தி வச்சுட்டு உன் அக்கா சீட்டுலேர்ந்தே கையை நீட்டிக்கிட்டு இருக்கா. ஒட்டித்தான் கொடுக்கிறேன், பிரிக்க மாட்டா. ஆகவே நீ இதைப் படிக்கிறப்போ அவ உன் எதிர்லதான் நின்னுக்கிட்டிருப்பா. வாக்கு நிறைவேறிடுச்சு. கவர்ல புது டேப்பு மடிச்சு வச்சிருக்கேன். கட்டிப் பிடிச்சுக்கறதெல்லாம் அப்புறம், முதல்ல பின்னாடி போய் நின்னு தோளை அள, எலும்புலேர்ந்து எலும்புக்கு. நேத்து பதினாலரை. கால் இஞ்ச் குறைஞ்சிருந்தாலும் சாவியைப் பிடுங்கிக்கோ, அவளை அங்கேயே வச்சுக்கோ, அவளுக்கு வாந்தி வந்தாலும் பரவாயில்லைன்னு நான் பஸ்ல வந்து பஸ்லயே கூட்டிட்டுப் போறேன். நல்லாத்தான் இருக்கேன்னு அவ சொல்லுவா, நம்பாதே. எனக்கு வேற எதுவும் எழுத வேண்டாம் மச்சான். தோள் அளவு மட்டும் எழுது.