சுவருக்குள் இரண்டரை அடி

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சுகம். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். எங்கள் வீட்டில் ஹால் சுவரை ஒட்டி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அந்தச் சுவருக்குக் கேட்கிற மாதிரி இதைப் பேச எனக்கு இஷ்டமில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இத்தனையும் உன்னால் வந்தது. என் மகள் மிளகு வகுப்பில் வாயே திறப்பதில்லை, போன வருஷம் ஏதோ தப்பாகச் சொல்லி எல்லோரும் சிரித்ததிலிருந்து வீட்டிலும் "ம்", "ம்ஹூம்" தவிர வேறு பேச்சில்லை, வாய்மொழித் தேர்வில் வகுப்பு முன்னால் நின்று பத்து வாக்கியம் பேசாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைப்போம் என்று டீச்சர் சொல்லிவிட்டார் என்று உன்னிடம் புலம்பினேன் அல்லவா? நீ என்ன சொன்னாய்? "டேய், மாயக்கதை படிச்சுக் காட்டு. இல்லாத ஒண்ணை மனசுல நிறுத்திப் பார்க்கிற பிள்ளைக்கு மூளை நல்லா ஓடும். இப்படி நடந்தா அப்புறம் என்ன ஆகும்னு தானா யோசிக்கும். கதையில ஒரு பொடிசு அரக்கனை எதிர்த்து நிக்கிறதைக் கேட்டா, நாமளும் நிக்கலாம் போலன்னு தோணும்டா" என்றாய். சின்னப் பிள்ளைகளுக்கு இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள், சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினேன். நீயும் சும்மா இருக்காமல் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை அனுப்பி வைத்தாய்.

நான் கட்டடம் அளக்கிறவன். யார் வீடு கை மாறினாலும் டேப்பும் நோட்டுமாக நான் போய் நின்று அளந்து கையெழுத்துப் போட்டால்தான் வேலை நகரும். என் கையில் போய் ஏரிக்கு அடியில் இருக்கும் கண்ணாடி மாளிகைக் கதையைக் கொடுத்தால் நான் என்ன செய்வேன், சொல்லு. மிளகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளோடு சோபாவில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். நூறு அறை, ஒரே ஒரு படிக்கட்டு! எனக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன கட்டடம்? தீப்பிடிச்சா இளவரசி எந்த வழியா இறங்குவா?" என்று கேட்டுவிட்டேன். மிளகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணிக்குள்ள எப்படிப்பா தீப்பிடிக்கும்?" என்றாள். அக்கா, எட்டு மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. மட்டம் தட்டப்பட்டது நான்தான், ஆனால் எழுந்து ஆடலாம் போல இருந்தது எனக்கு.

அந்த சந்தோஷத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வேறு எந்த அப்பனும் செய்திருக்க மாட்டான். அந்த மாளிகைக்கு வரைபடம் போட உட்கார்ந்தேன். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஜன்னல் எத்தனை அடி என்று நான் கேட்கக் கேட்க மிளகு யோசித்து யோசித்துச் சொன்னாள், கட்டம் போட்ட தாளில் அளவோடு வரைந்தேன். எல்லாம் பொருந்தியது. ஆனால் இளவரசி அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இரண்டரை அடி மிஞ்சியது. எங்கோ பிழை விட்டிருக்கிறேன் என்று அழிக்கப் போனேன். "அழிக்காதீங்கப்பா. அங்க ஓரத்தம்மா இருக்காங்க" என்றாள். அது யாரம்மா, புத்தகத்தில் அப்படி யாரும் இல்லையே என்றேன். "உங்களை மாதிரி ஒருத்தர் அளக்கும்போது அவங்களை விட்டுட்டார். அதனால அவங்களுக்கு அறை கிடையாது. சுவருக்குள்ளயே பக்கவாட்டா நிக்கிறாங்க. ரொம்ப நல்லவங்க" என்றாள். பிள்ளை என்னமாய் யோசிக்கிறது என்று பூரித்துப் போனேன். அன்றைக்கு உனக்கு போன் போட்டுப் பெருமை அடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதோடு நின்றிருக்கக் கூடாதா?

மறு சனிக்கிழமை காலையில் நான் சவரம் செய்துகொண்டிருக்கிறேன், மிளகு என் டேப்பை எடுத்துக்கொண்டு வெளி வராந்தாவில் தவழ்கிறாள். கணக்கென்றாலே வயிற்று வலி வருகிற பிள்ளை நோட்டும் கையுமாக வந்து நிற்கிறது. "வெளிய முப்பத்திரண்டு அடி. உள்ள ஹால் பதினாறு, படுக்கையறை பன்னிரண்டு. மூணு சுவர், அரை அரை அடி. மொத்தம் இருபத்தொன்பதரை. மிச்சம் எங்கேப்பா?" பாதி முகத்தில் நுரையோடு நான் போய் அளந்தேன். நாலு தடவை அளந்தேன். ஊரார் வீட்டையெல்லாம் அளந்தவன், ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிற சொந்த வீட்டை ஒரு நாளும் அளந்ததில்லை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இரண்டரை அடி காணவில்லை. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, தட்டிப் பார்த்தால் சாதாரணச் சுவர் மாதிரிதான் கேட்கிறது. என் பெண் எந்த ஆச்சரியமும் இல்லாமல் டேப்பைச் சுருட்டி டப்பாவில் வைத்தாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அலுப்பாக இருந்ததால் ஒரு பக்கத்தை நைசாகத் தள்ளிவிட்டு வாசித்தேன். சுவருக்குள்ளிருந்து டொக் என்று ஒரு தட்டு. மிளகு புத்தகத்தை எட்டிப் பார்த்து, "ஒரு பக்கத்தைத் தாண்டிட்டீங்களாம்" என்றாள். அந்த "களாம்" என்று, யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி, அவள் சொன்ன விதத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. திரும்பிப் போய் விட்ட பக்கத்தை வாசித்தேன், அதுவும் கொஞ்சம் சத்தமாக. என் வீட்டுக்காரியிடம் சொன்னால், மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், "தண்ணிக் குழாயா இருக்கும், போய்ப் படுங்க" என்று அடக்கிவிட்டாள். ஆனால் இரண்டு நாள் கழித்து மிளகு சாப்பிட அடம்பிடித்தபோது அதே வீட்டுக்காரி சுவர்ப் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, அவ சாப்பிடட்டும்" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, நான் எங்கே சொன்னேன் என்கிறாள்.

தேர்வு போன செவ்வாய்க்கிழமை. வேலையே ஓடாமல் ஒரு மாடிப்படிக்கடியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் போன் செய்தார். "சார், பத்து வாக்கியம் கேட்டோம், பன்னிரண்டு நிமிஷம் பேசினா! ஒரு மாளிகை, அதுல அளவு தப்பிப்போன ஒரு அம்மா, அவங்களுக்கு ஒரு பொண்ணு அறை கண்டுபிடிச்சுத் தர்றா. நடுவுல ஒரு பையன் சிரிச்சான். இவ பேச்சை நிறுத்தி, அவன் சிரிச்சு முடிக்கிறவரைக்கும் காத்திருந்து, விட்ட இடத்துலயே ஆரம்பிச்சா. பிள்ளைகள் கை தட்டினாங்க சார்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்லி வைக்கப் போனேன். "அப்புறம் சார், கூட வந்தவங்க உங்க அக்காவா? கதவோரமா நின்னுக்கிட்டே இருந்தாங்க. உள்ள வந்து உட்காருங்கன்னேன், வரல. நல்ல உயரம், ஒல்லியோ ஒல்லி. கடைசிவரைக்கும் பக்கவாட்டாவே நின்னாங்க" என்றார். அக்கா, அன்றைக்கு நீ உன் ஊரில்தானே இருந்தாய்? கோபித்துக்கொள்ளாதே, ஒல்லி என்ற சொல்லைக் கேட்டதுமே அது நீ இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே கொத்தனாரைக் கூட்டி வந்தேன், பட்டப்பகலில், மிளகு பள்ளியில் இருக்கும்போது. இந்தச் சுவரை இடிக்க வேண்டும், பின்னால் இடம் இருக்கிறது என்றேன். அவர் சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் மூன்று தட்டு தட்டிக் காதை வைத்தார். உள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, மரியாதைக்கு இன்னொன்று. "சார், உள்ள ஆள் குடியிருக்காங்க. காலி பண்ணச் சொல்லிட்டு கூப்பிடுங்க" என்று சுத்தியலைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

எனக்கு பயமாக இருக்கிறது அக்கா. பிள்ளை பேச வேண்டும் என்றுதானே கேட்டேன். இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிறாள், கடைக்காரரிடம் மிச்சம் கேட்டு வாங்குகிறாள், மாடிவீட்டுப் பையன் சீண்டினால் திருப்பிக் கொடுக்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாய் திறப்பதற்கு முன்னால் யாரையோ ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறாள். அவளைப் பேச வைத்தது எதுவோ, அது அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்? ஆகவே முடிவு செய்துவிட்டேன். புத்தகத்தை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வரைபடத்தைக் கிழித்துவிட்டேன். அடுத்த வாரக் கடைசியில் வேறு ஊரிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து சுவரை இடிக்கிறார்கள். இனிமேல் நீ எந்தக் கதையும் அனுப்பக் கூடாது. மிளகு கேட்டால், சுவருக்குள் யாரும் இருக்க முடியாது என்று அத்தை என்ற முறையில் நீயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் என் ஆசி, படிப்பும் உடம்பும் குறைவில்லாமல் இருக்கட்டும். உன் முழங்கால் வலிக்கு வீட்டுக்காரி ஒரு தைலம் அனுப்புகிறாள், சூடு பறக்கத் தேய்க்கவும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து ஐந்து நாள் ஆகிறது. தபாலில் போடவில்லை. வரைபடத்தைக் கிழித்த அன்றே மிளகு பேச்சை நிறுத்திவிட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை, "ம்" கூட இல்லை. பள்ளியில் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாளாம். நேற்றுப் பார்க்கிறேன், அவள் வாய் திறந்தது, ஓரத்தில் யாரையோ தேடினாள், கிடைக்கவில்லை, வாயை மூடிக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை அக்கா. ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவர் முன்னால் போய் நின்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை கூப்பி, "அம்மா, அளந்தவன் மேலதான் தப்பு, மன்னிச்சுக்குங்க" என்றேன். பிறகு பென்சிலை எடுத்து, இரண்டடிக்கு ஏழடி, சுவரில் அளவாக ஒரு கதவு வரைந்தேன். பின்னால் மிளகு வந்து நின்றது எனக்குத் தெரியாது. "உள்பக்கமா திறக்கிற மாதிரி வரைங்கப்பா, இல்லன்னா சோபா இடிக்கும்" என்றாள். நான் அழுதுவிட்டேன். ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. அடுத்த புத்தகத்தை அனுப்பு, இதைவிடக் கனமாகவே இருக்கட்டும். இன்று மத்தியானம் வீட்டுக்காரி மிளகைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "இதோ வந்துட்டேம்மா!" என்று பதில் வந்தது, தெளிவாக, கணீரென்று, சுவருக்கு உள்ளேயிருந்து. வந்தாள், கை கழுவினாள், உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை வாய் ஓயாமல் பேசினாள். நானும் அவள் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கேயிருந்து வந்தாய் என்று இருவருமே கேட்கவில்லை.