மூன்றரைப் பேர்

"அம்மா, எங்கட வீடு டோக்கியோவை விடச் சின்னனோ?"

மகள் மெலனி இப்படிக் கேட்டபோது மக்டலீன் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேலை அது. ஜப்பானிய நகரங்களில் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று டீச்சர் ஒரு தாள் கொடுத்திருந்தார். டோயாமா வீடுகள் டோக்கியோ வீடுகளைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாம். கீழே தங்கள் வீட்டையும் ஒரு சிநேகிதியின் வீட்டையும் அளந்து எழுதவேண்டும்.

"சிநேகிதி ஆர்?"

"வேரோனிக்கா. பிக்கரிங்கில."

கடுகு கருகிவிட்டது.

வேரோனிக்காவின் தாய் கிளடிஸ் போன மாதம்தான் நாலு அறை வீடு வாங்கியிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் மக்டலீன் குடும்பம் கனடா வந்து இறங்கியபோது, தன் ஒற்றை அறையையும் கட்டிலையும் கொடுத்தவள் கிளடிஸ். சிறுமி வேரோனிக்கா மூன்று மாதம் சாப்பாட்டு மேசைக்குக் கீழே படுத்தாள். அதைக் கிளடிஸ் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மக்டலீனுக்கு அதுவும் ஒரு எரிச்சல்.

வோபர்னிலிருந்த தங்கள் அப்பார்ட்மென்டைத் தாயும் மகளும் அளந்தார்கள்.

"பல்கனியையும் அள."

"அதில மிளகாய் காயுது."

"மிளகாயை எடுக்கிறன். அள."

ஐந்து பேருக்குப் பிரித்தால் டோக்கியோவுக்கும் கீழே நின்றது.

"அப்பாவை எண்ணாத. அவர் இரவு வேலை."

"பகலில படுக்கிறார்தானே?"

"பகலில நீ பள்ளிக்கூடத்தில. சரிக்குச் சரி."

"தம்பி?"

"ஊர் பஸ்ஸில அவனுக்கு அரை டிக்கெட். அரை ஆள் போடு."

கூட இருந்த சித்தப்பாவையும் கழிக்க மெலனி சம்மதிக்கவில்லை. மூன்றரைப் பேருக்குப் பிரித்ததும் டோக்கியோவை முந்திவிட்டார்கள். மக்டலீன் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

சனிக்கிழமை பிக்கரிங் போனார்கள். டேப்பைக் கொஞ்சம் தொய்யவிட்டுப் பிடித்து அந்த வீட்டின் அளவைக் குறைப்பதென்று மக்டலீன் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். தொய்ய விட்டால் நீளம் கூடும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இழுத்துப் பிடித்தாள். அப்போதும் ஹோல் முடியவில்லை.

"டேப்பின்ர நீளம் காணாது, அம்மா."

"தெரியுது."

ஹோலில் ஒரு கதிரைகூட இல்லை. பேசினால் எதிரொலித்தது.

"அம்மா எங்க, பிள்ளை?" என்று மக்டலீன் வேரோனிக்காவைக் கேட்டாள்.

"வேலை, அன்ரி. அப்பாவும். வீட்டுக் காசு கட்டோணுமெண்டு ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு வேலை. பக்கத்து வீட்டு அன்ரி இடைக்கிடை எட்டிப் பாத்திட்டுப் போவா."

மெலனி பென்சிலை எடுத்தாள். "உங்கட வீட்டில எத்தினை பேர்? வேலைக்குப் போறாக்களை எண்ணப்படாது. எங்கட அம்மான்ர சட்டம்."

வேரோனிக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நான் மட்டும்தான். டோயாமாவையும் வெண்டிட்டன், என்ன அன்ரி?"

மக்டலீன் டேப்பைச் சுருட்டினாள். பிறகு கிளடிஸின் வேலையிடத்துக்குப் போன் எடுத்தாள். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். இனிச் சனி ஞாயிறு எங்களோட நிக்கட்டும்," என்றாள். பிள்ளையின் உடுப்பு எந்த அறையில் இருக்கிறதென்று கிளடிஸ் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் பிள்ளைகள் இருவரும் யன்னலோரம் முகத்தை ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள். மக்டலீன் மெலனியின் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். 'எங்கள் வீடு' என்ற இடத்தில் மூன்றரையை அழித்து, ஆறு என்று எழுதி, மடித்துத் திரும்ப வைத்தாள்.