மாமாவுக்கு வைத்த வான்கோழி சூப்

பாளையங்கோட்டை,
10-1-1995

மரியாதைக்குரிய ஜோஷுவா மச்சானுக்கு, மச்சினன் வியாகுலம் தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கு நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. சாவு விழுந்த வீட்டிலிருந்து அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நானும் உங்கள் தங்கை தெரசாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். பம்பாயில் நீங்களும் பிள்ளைகளும் அதைவிட நன்றாக நடமாட ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கார்டு கிடைத்தது. 'என் அப்பனுக்கு வான்கோழி எலும்பை அவித்துக் கொடுத்துக் கொன்றவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், முப்பதாம் நாள் பூசைக்கும் வர மாட்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். எழுதியது எழுதினீர்கள், ஒரு கவரில் வைத்து ஒட்டியிருக்கலாம். கார்டு என்பதால் தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். தினமும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவர், இப்போதெல்லாம் 'தாகமில்ல சார்' என்கிறார். அடக்கத்துக்கு வந்து சேர முடியாமல் போன வேதனையில் எழுதிவிட்டீர்கள் என்று தெரசாவிடம் சொன்னேன். அவள் கார்டை வாங்கிச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். அவளுக்கு இனி இருக்கிற ஒரே ரத்த உறவு நீங்கள்தான். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வான்கோழி வாங்கியது என் குற்றந்தான். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ரிட்டயர் ஆனவனுக்கு வான்கோழி எதற்கு? சீவலப்பேரியில் முப்பிடாதி என்பவர் வளர்த்து விற்றார், ஆசைப்பட்டுவிட்டேன். அதை அசன் முகம்மது பாயின் பேக்கரி அடுப்பில் கொடுத்து முழுசாகச் சுட்டு வாங்கி, கிறிஸ்மஸ் மத்தியானம் மேஜை நடுவில் வைத்து, நாங்களும் விருந்தாளிகளும் பிய்த்துப் பிய்த்துத் தின்றோம். மாமா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சுவலிக்காரர், பல்லும் கிடையாது, கஞ்சியைத் தவிர எதுவும் தொடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கொழும்புக்குத் தோணி ஓட்டிய மனுஷன் நொய்க்கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தர் வாயாகப் பார்த்தார். எல்லாரும் கை கழுவிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, மிச்ச எலும்ப என்ன செய்யப் போறீரு?"

"நாய்க்குப் போடணும் மாமா."

"அப்ப நா நாயவிடக் கேடா வே?" என்று கேட்டுவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மச்சான், அத்தை போனதிலிருந்து அவர் என் வீட்டில்தான் இருந்தார். அதுவரை என்னிடம் இது வேணும் என்று ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

விடிந்ததும் முதல் வேலையாக டாக்டரைப் போய்க் கேட்டேன். 'தண்ணி மாதிரி இருந்தா ஒரு தம்ளர் குடுக்கலாம்' என்றார். இதை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன், கவனியுங்கள். தெரசாவுக்குச் சாளை மீனும் நெத்திலியும் தெரியும், வான்கோழி எலும்பு தெரியாது. அதோடு மாமாவுக்கு அன்னைக்கு மூச்சு கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்ததால் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. அடுத்த வீட்டு பியூலா அக்கா, நர்ஸாக இருந்தவர், அவர்தான் சுவர் மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எலும்ப ஒடச்சுப் போடுங்க. பச்சத் தண்ணியிலதான் ஆரம்பிக்கணும். வெங்காயம், நல்லமொளவு, ரெண்டு கேரட். பொங்க விட்ராதீங்க, பைய வேகட்டும். மேல வார நுரைய எடுத்துக்கிட்டே இருக்கணும்." எலும்பை அம்மிக் குழவியால் உடைத்தேன். ஒரு துண்டு பறந்து போய் ஜன்னல் கண்ணாடியைப் பிளந்தது. வீட்டுக்காரர் தில்லைநாயகம் பிள்ளை மாடியில் இருக்கிறார், சுத்த சைவம். "என்ன வே சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, தேங்கா" என்றேன். அந்த எலும்புக்கூடு எந்தப் பாத்திரத்திலும் அடங்காமல், கடைசியில் குளிக்க வென்னி வைக்கிற அண்டாவில் போட்டு, ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டியால் நுரையை வழிச்சு வழிச்சு எடுத்தேன். மத்தியானத்துக்கெல்லாம் தங்கநிறத்தில் சாரம் நல்லா எறங்கியிருந்துது மச்சான். மாமாவே உள்ளேயிருந்து "வாசன வருதே" என்றார். தெரசா வந்து சொன்னாள்.

அப்பத்தான் கை கோளாறு பண்ணிட்டு. நான் பாக்கிற காலத்திலேருந்து எங்க வீட்டுல அடுப்பை விட்டு எறக்குனா வடிக்கணும், வடிச்சா தண்ணி கீழ, சோறு உள்ள. அதே நெனப்புல அண்டாவைத் துணி போட்டுப் புடிச்சு, வாய்க்குத் தட்டை வச்சு, புறவாசல் சாக்கடையில நல்லா சுத்தமா வடிச்சுட்டேன். ஆவி அடங்குன பெறகு உள்ள பாக்கேன், எலும்பு மட்டும் கெடக்கு. மச்சான், நான் அந்த எடத்துலயே குத்தவச்சு உக்காந்துட்டேன். பியூலா அக்கா சுவருக்கு மேலே பார்த்து "ஐயோ சார்" என்றவர், பெறகு, "சரி, மறுபடி தண்ணி ஊத்துங்க, இன்னும் சாரம் இருக்கும்" என்றார். ஊற்றினேன். சாரம் இறங்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. முதலில் வந்த நிறம் வரவில்லை.

துணியில் வடிகட்டி வைத்துவிட்டு, எலும்பில் இன்னொரு தண்ணி ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, ஒரு தம்ளர் கொண்டு போனேன். தெரசா அறை வாசலிலேயே வந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க போயி அடுப்பப் பாருங்க, நா பாத்துக்கிடுதேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனேன், வாசலிலேயே நின்று வெறும் தம்ளரை நீட்டினாள். "குடிச்சாச்சு" என்றாள். முழுத் தம்ளரும்! எனக்கு ரிட்டயர் ஆன அன்னைக்குக்கூட அப்படிச் சந்தோஷம் வரவில்லை. பியூலா அக்காவிடம் சொல்ல ஓடினேன். சுவர்ப்பக்கம் போய் "முழுசும் குடிச்சிட்டாரு" என்று சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே தெரசா அழுகிற சத்தம். அவ்வளவுதான் மச்சான்.

அப்புறம் நடந்தது எனக்கே சரியாகத் தெரியாது. ஆள் கூடிவிட்டது, செபமாலை ஆரம்பித்துவிட்டது, அடுப்பை யாரும் நினைக்கவில்லை. எலும்பு தீய்ந்த நாற்றம் மாடிக்குப் போய், தில்லைநாயகம் பிள்ளை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு இறங்கி வந்தார். கட்டிலைப் பார்த்தார். நேரே அடுக்களைக்குள் போய் அவரே அடுப்பை அமர்த்திவிட்டு, அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கு எழுதியது இன்னாசியம்மா சித்திதான் என்று தெரியும். 'பெணத்த வச்சுக்கிட்டு சூப்பு குடிச்சாக' என்று எழுதியிருப்பார்கள். உண்மைதான். விடியற்காலம், பால்கூட வராத நேரத்தில், தூத்துக்குடியிலிருந்து வேனில் வந்த சொந்தக்காரர்களுக்கு ஒரு வாய் காப்பிக்கு வழியில்லை. வடிகட்டி வைத்திருந்த மிச்சத்தைப் பியூலா அக்கா தன் வீட்டில் சுட வைத்துக் கொடுத்தார். அதில் ரெண்டு தம்ளர் குடித்தது சித்தி. இன்னும் இருக்கா என்று கேட்டதும் அவர்கள்தான்.

சூப்பு குடித்ததால்தான் போனார் என்று நீங்கள் நினைத்தால் அந்தப் பழியை நான் ஏற்கிறேன். ஆனால் ஆசைப்பட்டதைக் கேட்டு வாங்கி, முழுசாகக் குடித்துவிட்டுப் போனார். அது ஒன்றைத்தான் ராத்திரியில் நினைத்துக்கொண்டு படுக்கிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். என்னோடு பேச வேண்டாம், தெரசா பக்கத்தில் நின்றால் போதும்.

பனிமய மாதா உங்கள் குடும்பத்தைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சினன்
வியாகுலம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தெரசா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் தம்ளரோடு வாசலுக்கு வரும் முன்பே அப்பாவுக்கு மூச்சு நின்றுவிட்டதாம். "நீங்க பரீட்சையில பாசான பிள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னீங்க, எனக்கு நாக்கு எழும்பல. கீழ ஊத்தவும் மனசு வரல. நாந்தான் குடிச்சேன். குடிச்சாச்சுன்னுதான் சொன்னேன், அப்பா குடிச்சாருன்னு சொல்லலையே" என்கிறாள். ஆகையால் மச்சான், உங்கள் கார்டில் எழுதியிருந்தது தப்பு. அவர் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. நான் கொல்லவில்லை என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. ஆனால் கொன்றவனாகவே இருந்திருக்கலாம்போல இருக்கிறது.