நாடிக்குக் கட்டின வெள்ளைப் பட்டி

போன மாசம் ஒரு சனிக்கிழம. எனக்கு இருந்த வேல ஒண்டே ஒண்டுதான். மாஸ்க்குட பட்டியக் கல்முனைல தைக்கக் குடுத்து எடுக்கணும்.

கொரோனாக் காலத்து மாஸ்க் இல்ல. இது நித்திரைல போடுற மாஸ்க்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லிர்றன். நான் நிந்தவூர்ல ஒரு கணக்கு மாஸ்டர். எனக்குக் குறட்டை இரிக்கி. 'இரிக்கி' எண்டு சொல்றது என்ட அடக்கம். மதிலுக்கு அங்கால இரிக்கிற மாமி, அதாவது என்ட பொண்டாட்டிட உம்மா, "மருமகன் படுத்துட்டாரா எண்டு நான் எட்டிப் பாக்கத் தேவல்ல, காது இரிக்கி" எண்டுதான் சொல்லுவா.

ஒருநாள் ஸ்டாஃப் மீட்டிங். அதிபர் கதைச்சிட்டு இரிக்கக்குள்ள நான் நித்திரையாகிட்டன். குறட்டையும் விட்டிருக்கன். அந்தச் சத்தத்துக்கு நானே திடுக்கிட்டு எழும்பி, "ஓம் சேர், நான் ரெடி" எண்டுட்டன்.

அவர் கேட்டது, ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பெடுக்க ஆரு விருப்பம் எண்டு.

அதுக்குப் பொறகுதான் என்ட பொண்டாட்டி ரிஃபாயா என்னை இழுத்துட்டுப் போய் டொக்டர்ட்டக் காட்டினா. டொக்டர் சிரிக்கல்ல. "நித்திரைல ஒங்கட மூச்சு நிண்டு நிண்டு போகுது மாஸ்டர். இப்பிடியே விட்டா இதயத்துக்கு நல்லமில்ல" எண்டாரு.

ஒரு மெஷின் தந்தாங்க. அதுல இருந்து ஒரு குழாய். குழாய்ட நுனில மூக்குல மாட்டுற மாஸ்க். மெஷின் காத்தத் தள்ளிட்டே இரிக்கும், தொண்ட அடைபடாது, மூச்சு நிக்காது.

சொல்லக்குள்ள லேசுதான்.

காத்து என்ட மூக்குக்குள்ள போறத்துக்குப் பதிலா, மாஸ்க்குட ஓரத்தால பீச்சிட்டு வந்து ரிஃபாயாட கண்ணுக்குள்ள போச்சு. கூடவே ஒரு சத்தம், பலூன்ட வாய இழுத்துப் புடிச்சாப்போல.

"குறட்டையே பறவாயில்ல" எண்டா ரிஃபாயா. "அது பழகின சத்தம். இது என்னண்டா ஊட்டுக்குள்ள ஆரோ நிண்டு விசில் அடிக்கிற மாதிரி இரிக்கி."

நான் பட்டிய இறுக்கினன். இறுக்கினா ஒழுக்கு நிக்கும். இது கணக்குப் படிச்சவனுக்குத் தெரியாதா?

ஒழுக்குக் கூடிச்சு. இன்னும் இறுக்கினன். இன்னும் கூடிச்சு. காலைல கண்ணாடியப் பாத்தா ரெண்டு கன்னத்துலயும் ரெண்டு கோடு. வகுப்புல ஒரு புள்ள எழும்பி, "சேர் ஹெல்மட்டப் போட்டுட்டா படுக்கிற?" எண்டு கேட்டிச்சு.

இழுத்து இழுத்துக் கடைசில பட்டிட ஒட்டுற பக்கம் தேஞ்சி போச்சு. ஒட்டுது இல்ல. மெஷின் வாங்கின இடத்துக்குப் போன் எடுத்தன். அங்க ஒரு பொம்புளைப் புள்ள நல்லாத்தான் கதைச்சா.

"புதுப் பட்டி அடுத்த கிழமை வந்துரும் சேர். நீங்க வாயத் தொறந்துட்டா படுக்கிறீங்க? அப்பிடியெண்டா காத்து வாயாலயும் போகும். வாய் தொறபடாம நாடியோட, தாடையோட சேத்துக் கட்டுற பட்டி ஒண்டு இரிக்கி, அதையும் அனுப்பிவிடட்டா? அதுவரைக்கும் நீங்களா ஒண்டும் செஞ்சிப்போடாதீங்க."

அவ சொன்ன கடைசி வசனத்த மட்டும் நான் கேக்கல்ல. துணி இரிக்கி, தையல்காரர் இரிக்காரு, எனக்கு மூளை இரிக்கி. அடுத்த கிழமை வரைக்கும் என்னத்துக்குக் காத்திருக்கணும்?

அப்பிடித்தான் அந்தச் சனிக்கிழம மாஸ்க்க ஒரு பையில போட்டுட்டுக் கல்முனைக்குப் போனன்.

பஸாருக்குள்ள சலீம் காக்காட தையல் கடை. ஸ்கூல் யூனிஃபோம் தைக்கிற கடை. மாஸ்க்க எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இது என்ன சேர், மாட்டுக்குப் போடுறதா?"

"எனக்குப் போடுறது காக்கா."

அவர் மாஸ்க்க மேசைல வச்சிட்டு அளவு நாடாவ எடுத்தாரு. நாடிக்கும் ஒரு பட்டி வேணும், வாய் தொறபடாம தலையச் சுத்தி வரணும் எண்டு விளங்கப்படுத்தினன்.

"வெள்ளத் துணிதான் இரிக்கி. பறவாயில்லியா?"

"நித்திரைல ஆரு காக்கா நிறம் பாக்கிற?"

"கொக்கி வைக்கட்டா? கொக்கி வச்சா மறுவாக் கழண்டுரும். நேராத் தைச்சி விட்டன் எண்டா ஆயுசுக்கும் கழராது."

"அதுதான் நல்லம். அப்பிடியே தைங்க."

தைச்சி முடிச்சி, போட்டுக் காட்டச் சொன்னாரு. றோட்டப் பாத்த கண்ணாடிக்கு முன்னுக்கு நிண்டு போட்டன். மூக்குல மாஸ்க். அதுல இருந்து குழாய் நெஞ்சு வரைக்கும் தொங்குது. நாடில இருந்து உச்சந்தலைக்கு வெள்ளைப் பட்டி. வாயத் தொறக்க ஏலாது. சலீம் காக்கா பின்னால நிண்டு, "மூச்சு விடுங்க சேர், நல்லா இழுத்து விடுங்க" எண்டு சொல்லிட்டு நிக்காரு. நானும் நெஞ்சத் தூக்கித் தூக்கி மூச்சு விடுறன்.

அந்த நேரம் பாத்துத்தான் ஜப்பார்ட ஆட்டோ கடைக்கு முன்னால வந்து நிண்டிச்சு.

ஜப்பார் எங்கட தெரு ஆள். நல்ல மனிசன். ஆருக்கும் சுகமில்ல எண்டா முதல் ஆளா நிப்பாரு. ஒரே ஒரு குறை, ஒரு செய்தி கெடச்சா அதத் தனியா வச்சிருக்க அவருக்கு ஏலாது.

"சேர், என்ன நடந்த?" எண்டு கேட்டாரு.

"ஒண்டுமில்ல ஜப்பார், பட்டி தைக்க வந்தன்" எண்டு நான் சொன்னன். வெளிய வந்தது "ம்ம்ம், ம்ம்ம்ம்."

போங்க, பொறகு சொல்றன் எண்டு கைய ஆட்டினன். அவர் என்னை ஒரு தினுசாப் பாத்தாரு. பின்னால பஸ் ஹோன் அடிச்சதுல ஆட்டோவ எடுத்துட்டுப் போயிட்டாரு.

நான் ஊட்ட வந்தன். சோறும் மீனாணமும் திண்டன். ரிஃபாயா அடுத்த தெருவுல இரிக்கிற அவட தாத்தா ஊட்ட போகணும் எண்டா. தாத்தா எண்டது இஞ்ச மூத்த சகோதரி.

"போய்ட்டு வா. நான் புதுப் பட்டியப் போட்டு ஒரு சின்ன நித்திரை கொண்டு பாக்கப் போறன்" எண்டன்.

போனச் சத்தமில்லாம ஆக்கி வச்சன். ஃபேன் குளிருக்கு வெள்ளைப் படுக்கைச் சீலைய நெஞ்சு வரைக்கும் இழுத்துப் போத்தினன். மெஷினப் போட்டன்.

ஒழுக்கில்ல. விசில் இல்ல. வாய் தொறபடல்ல. இப்பிடி ஒரு நித்திரை எனக்குக் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து வரல்ல.

முழிப்பு வரக்குள்ள யாசீன் ஓதுற சத்தம் கேட்டிச்சு. சாகக் கெடக்கிறவங்களுக்கும் செத்தவங்களுக்கும் ஓதுற குர்ஆன் சூரா அது.

பள்ளிவாசல்ல இருந்து கேக்குது எண்டு நெனச்சன். பொறகு பாத்தா, சத்தம் கால்மாட்டுல இருந்து வருது. மெல்லக் கண்ணத் தொறந்தன். அறை நிறைய ஆக்கள். மாமி முக்காட்டால வாயப் பொத்திட்டு அழுகிறா. ஜப்பார் தொப்பியப் போட்டுட்டு ஓதுறாரு.

நான் மௌத்தாப் போயிட்டன் எண்டுதான் நெனச்சன். உண்மையச் சொல்றன், முதல்ல வந்தது பயமில்ல. இவ்வளவு சொகமாவா இரிக்கும் எண்டுதான் வந்திச்சு.

நடந்தது இதுதான். ஜப்பார் எனக்குப் போன் எடுத்திரிக்காரு, பதிலில்ல. ஊட்ட வந்து மாமியக் கூப்பிட்டு, "மாஸ்டரக் கல்முனைல கண்டன், மூச்செடுக்க ஏலாம நிண்டாரு, கதைக்க ஏலல்ல, கைய ஆட்டி ஸலாம் சொன்னாரு" எண்டு சொல்லியிரிக்காரு. மாமி ஓடி வந்து அறைவாசல்ல நிண்டு காது குடுத்துக் கேட்டிரிக்கா.

குறட்டைச் சத்தம் இல்ல.

மாமிக்கு அது போதும். உள்ளுக்கு எட்டிப் பாத்தா, மருமகன் மல்லாக்கக் கெடக்கிறாரு, வெள்ளைச் சீலை போத்தி, நாடிக்கு வெள்ளைத் துணி கட்டி. மையத்துக்கு, அதாவது செத்த ஆளுக்கு, வாய் மூடக் கட்டுவமே, அச்சு அசல் அதே மாதிரி.

"மெஷின் மட்டும்தான் ஓடுது" எண்டு மாமி சொல்றது எனக்குக் கேட்டிச்சு.

"இல்ல மாமி, கண் அசையுது. சக்கராத்துல இரிக்காரு" எண்டாரு ஜப்பார். உயிர் பிரியிற வேதனையில இரிக்கன் எண்டு அர்த்தம்.

நான் எழும்பி இருந்திருக்கணும். ஆனா பின்னால நிண்ட ஒரு ஆள், "நல்ல மனிசன்" எண்டு தொடங்கினாரு. இன்னும் ரெண்டு வசனம் வரும்தானே எண்டு கண்ண மூடிட்டுக் கெடந்தன்.

"நல்ல மனிசன்தான். கணக்குத்தான் ஒருத்தருக்கும் விளங்கல்ல."

எழும்பிட்டன்.

நான் எழும்பினதும் அறைக்குள்ள இருந்தவங்க சுவரோட ஒட்டிட்டாங்க. மாமி கட்டில் காலப் புடிச்சிட்டு இருந்துட்டா. "எனக்கு ஒண்டுமில்ல, நித்திரை கொண்டன்" எண்டு சொல்லப் பாக்கிறன், "ம்ம்ம், ம்ம்ம்" எண்டுதான் வருது.

ஜப்பார் மட்டும் அசையல்ல. கிட்ட வந்து என்ட தோளப் புடிச்சி, காதுக்குள்ள மெதுவா, "கலிமாச் சொல்லப் பாக்கிறாரு. சொல்லுங்க சேர், என்னோட சேந்து சொல்லுங்க" எண்டாரு.

உயிர் போற நேரத்துல சொல்ற கலிமாவ ஒரு ஆள் சொல்லித் தரக்குள்ள மாட்டன் எண்டு தலையாட்ட ஏலுமா? நானும் சேந்து சொன்னன். ம்ம், ம்ம்ம்.

பட்டியக் கழட்டப் பாத்தன். கொக்கி இல்ல. ஆயுசுக்கும் கழராது எண்டு சொன்ன சொல்லச் சலீம் காக்கா காப்பாத்தியிருந்தாரு. தலைக்கு மேலால இழுத்தா, தாடி மயிர் தையலுக்குள்ள மாட்டிட்டு இரிக்கி. மாஸ்க் ஒரு பக்கம் கிளம்பி, காத்து ஜப்பார்ட மூஞ்சில அடிச்சி, அவர்ட தொப்பி விழுந்திச்சு.

அப்பதான் ரிஃபாயா வந்தா. ஆரோ போன்ல சொல்லியிரிக்காங்க. ஒரு கால்ல செருப்பு, மற்றக் கால்ல இல்ல.

வாசல்ல நிண்டு என்ட முகத்தக் கூடப் பாக்கல்ல. நெஞ்சப் பாத்தா. ரெண்டு மூச்சுக்குப் பாத்துட்டு நிண்டா.

"கொஞ்சம் தள்ளுங்க எல்லாரும். ஆள் நல்லாத்தான் இரிக்காரு" எண்டா.

மெஷின நிப்பாட்டினா. கத்தரிக்கோல எடுத்து, நாடிப் பட்டிய வெட்டினா, தலைப் பட்டிய வெட்டினா, கூடவே தாடில ஒரு பக்கத்தையும் வெட்டினா. அவசரத்துல அது கொஞ்சம் கூடத்தான் போயிட்டு.

என்ட வாயில இருந்து முதல்ல வந்த சொல், "அஸ்ஸலாமு அலைக்கும்."

எல்லாரும் பதில் சொன்னாங்க. ஓதத் தொடங்கினத நடுவுல விடக்கூடாது எண்டு ஜப்பார் இருந்து யாசீன முடிச்சாரு. என்ட பேருக்குத் துஆவும் கேட்டாரு. நானே ஆமீன் சொன்னன். சுகமில்லாத ஆளப் பாக்க எண்டு வந்தவங்க கொண்டு வந்த அப்பிளையும் பிஸ்கட்டையும் வெட்டி, பிரிச்சி, தேத்தண்ணியோட எல்லாருக்கும் குடுத்தம்.

போகக்குள்ள ஜப்பார் என்னை ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போனாரு.

"சேர், எனக்கும் குறட்டை இரிக்கி. காலைல எழும்பினா தலை இடிக்கிது. ஆட்டோ ஓட்டக்குள்ள கண் சொக்குது. இது ஒங்கட மூச்சு நிக்கிற வருத்தமா இரிக்குமா?"

டொக்டர்ட பேரச் சொல்லி விட்டன். அவரும் போய்க் காட்டினாரு. அந்த வருத்தம்தான்.

அண்டைக்குப் பின்னேரம் ரிஃபாயா வெட்டின பட்டியக் கையில வச்சிட்டு இருந்தா. ஏச்சு வரும் எண்டு பாத்துட்டு இருந்தன். வரல்ல.

"எல்லாரும் அழக்குள்ள ஒனக்கு மட்டும் எப்பிடி விளங்கின?" எண்டு கேட்டன்.

"நான் பாத்துப் பழகின நெஞ்சுதானே" எண்டா. "நீங்க குறட்டை விட்டுட்டு இரிக்கக்குள்ள சட்டெண்டு நிக்கும். மூச்சு வராது. மறுவா வாற வரைக்கும் நான் பாத்துட்டே கெடப்பன். சத்தம் வந்தாத்தான் எனக்கு நித்திரை வரும்."

இத்தின வருசமும் அவ சத்தத்தாலதான் முழிச்சிட்டுக் கெடக்கா எண்டு நான் நெனச்சிருந்தன். தேத்தண்ணியக் குடிச்சன்.

அடுத்த கிழமை உண்மையான பட்டி வந்திச்சு. அந்தப் பொம்புளைப் புள்ளையும் போன் எடுத்தா. "இறுக்கப்படாது சேர். இறுக்கினா மாஸ்க்குட ஓரம் மடிஞ்சி இன்னும் ஒழுகும். மெஷினப் போட்டு, படுத்துட்டுத்தான் சரி பாக்கணும். முகத்துல, தாடில எண்ணெய் இருந்தாலும் வழுக்கி ஒழுகும், கழுவிட்டுப் போடுங்க. தாடி எப்பிடி சேர், அடர்த்தியா?"

"ஒரு பக்கம்" எண்டன்.

அவ சொன்ன மாதிரி செஞ்சன். நல்லா நித்திரை கொள்றன். சுபஹுத் தொழுகைக்கு நானே எழும்புறன். மீட்டிங்ல முழிச்சிட்டு இரிக்கன், அதிபர் கதைக்கிறதெல்லாம் கேக்குது. அது ஒரு தனி வருத்தம்.

முந்தநாள் சுபஹுக்கு முன்னால முழிப்பு வந்திச்சு. அறைக்குள்ள ஒரு சத்தம். மறுவாவும் ஒழுகுது எண்டு பயந்து போய்ப் பட்டியத் தடவிப் பாத்தன், சரி. மாஸ்க்குட ஓரத்தப் பாத்தன், சரி. குழாயையும் பாத்தன், ஒரு ஒழுக்கும் இல்ல.

ரிஃபாயா நல்ல நித்திரை. சத்தம் அவட பக்கத்தால வருது.

இன்னும் அவட்டச் சொல்லல்ல.