முத்தம்மாவின் சுண்டு விரலும் நான் அடைத்த ஓட்டைகளும்

ராயபுரம்,
வெள்ளிக்கிழமை.

எண்ணூரில் இருக்கும் என் மச்சான் தேசிங்குவுக்கு, உன் அக்கா புருஷன் குமாரவேல் அன்போடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும், போன தையில் காது குத்திய பேரனும் சுகமாக இருக்க வேண்டும். பேரன் காது ஆறிவிட்டதா என்று உன் அக்கா கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

முதலில் என் எழுத்தை மன்னித்துவிடு. எழுதக் கற்றுத்தரும் எழில்மொழி டீச்சர் கோடு போட்ட தாள்தான் கொடுத்தார். என் எழுத்துகள் அந்தக் கோட்டின்மேல் உட்கார மாட்டேன் என்கின்றன. ஒன்று தொங்குகிறது, ஒன்று குதிக்கிறது. ஐம்பது வருஷம் துடுப்பும் கயிறும் பிடித்த கை, பென்சில் நழுவிக் கடலில் விழுந்துவிடும் என்று நினைத்து அதை நெரிக்கிறது. இதுவரை நான்கு முனை உடைந்துவிட்டது. அறுபத்தொன்பது வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. அதை உனக்கு எழுதுகிறேன் என்றால் காரியம் எவ்வளவு பெரியது என்று நீயே பார்த்துக்கொள்.

போனில் சொல்லலாமே என்பாய். பக்கத்துப் படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்னுடையது. நான் போனில் ரகசியம் பேசினால் கொருக்குப்பேட்டையில் கதவு திறந்து பார்ப்பார்கள். இது உன் அக்காவுக்குத் தெரியாமல் நடக்க வேண்டிய வேலை. அதனால்தான் கடிதம். எழுதி முடிக்கும்வரை தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் சமுதாயக் கூடத்தில் விழா. உன் அக்கா முத்தம்மா மேடை ஏறி வயலின் வாசிக்கப்போகிறாள். நீ வர வேண்டும். வந்து சிரிக்காமல் உட்கார வேண்டும். உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஏன் என்று உனக்கே தெரியும். காதுகுத்து விருந்தில், நாற்பது பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, "எங்க அக்கா வயலின் கத்துக்கினு கீதாம்! வளையல் கடைக்காரன் 'பாப்பாவக் கூட்டிகினு வாம்மா'ன்னு சொன்ன கைடா அது!" என்று நீ கத்தினாய். அவள் கை குழந்தைக் கை அளவுதான் என்று தெரிந்த எல்லாரும் சிரித்தார்கள். போதாததற்கு, தம்பி சீராக நீ போட்டுவிட்ட வளையல் வழக்கம்போல அளவு பெரிதாகி, அவள் கையிலிருந்து கழன்று பாயச வாளிக்குள் விழுந்தது. அது உங்கள் சம்பந்தியின் இலையில் வந்து சேர்ந்தபோது இன்னொரு சிரிப்பு. அன்றிலிருந்து ஐந்து மாதம் அவள் உன் பெயரை எடுக்கவில்லை. எண்ணூர் பஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பஸ் என்ன பாவம் செய்தது?

(இந்த இடத்தில் முனை உடைந்தது. இன்று திங்கள்.)

அவள் வயலின் பிடித்த கதையை நீ அன்று முழுதாகக் கேட்கவே இல்லை. இப்போது கேள். நான் எழுத்து வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன் என்று சந்தேகப்பட்டு, என்னைக் கூடத்தில் கொண்டுபோய் விட்டு, படியில் உட்கார்ந்து காவல் காப்பாள். மாடியில் ஜேக்கப் மாஸ்டரின் வயலின் வகுப்பு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரியவர்களுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நாள் சாவியைத் தேடும்போது, "இத்தக் கொஞ்சம் புடிம்மா" என்று வயலினை இவளிடம் கொடுத்தார். சாவி கிடைத்தது. வயலின் திரும்பக் கிடைக்கவில்லை. ஒன்றரை வருஷமாக நான் கீழே அ, ஆ எழுதுகிறேன், அவள் மேலே வில் இழுக்கிறாள். என் கை பெரிது, பென்சில் சிறிது. அவள் கை சிறிது, வயலின் பெரிது. ஒரே வீட்டில் கடவுள் அளவை மாற்றிப் போட்டுவிட்டார்.

விழாவுக்கு மாஸ்டரே ஒரு மெட்டுக் கட்டியிருக்கிறார். ஒன்பது பேர் சேர்ந்து வாசிக்க வேண்டும். கடைசியில் அந்த மெட்டு மேலே ஏறி, ஒரு இடத்தில் நாலு தாளத் தட்டு அசையாமல் நிற்கும். அந்த இடத்தைச் சுண்டு விரலால்தான் தொட முடியும். மற்ற எட்டுப் பேரின் விரலும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. உன் அக்கா விரல் மட்டும் ஒரு நெல் அளவு முன்னாலேயே நின்றுவிட்டது. எட்டி வைத்தால் மற்ற விரல் கழன்றது, அழுத்தி வைத்தால் சத்தம் கம்மியது. மாஸ்டர் நல்ல மனுஷன், நோகாமல்தான் சொன்னார்: "முத்தம்மா, அந்த எடம் வந்தா வில்லக் காத்துல ஓட்டிரு. எட்டுப் பேரு சத்தத்துல எவனுக்குத் தெரியப் போவுது?"

இவள் வில்லை இறக்கி வைத்தாள். "மாஸ்டர், நாப்பது வருசம் காசிமேட்டுல மீன் வித்தவ நானு. காத்துல தராசு புடிச்சவ எவளும் மறுநாள் அங்க கடை போட்டதில்ல."

"அப்போ சின்னப் புள்ளைங்க வாசிக்கிற வயலினு ஒண்ணு கீது, அத்த எடுத்துக்கிறியா?"

"கொழந்த வளையலு போட்டுகினேன், கொழந்த செருப்பு போட்டுகினேன். போதும் மாஸ்டர்."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையை விரித்துப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தேசிங்கு, அவள் அழுதால்கூட எனக்குத் தாங்கும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாளே, அதுதான் தாங்கவில்லை. அப்போதுதான் நான் உதவி செய்வது என்று முடிவு கட்டினேன். அதற்கு அப்புறம் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

முதல் உதவி மரப்பட்டை. வலை பின்னும்போது கண் அளவு பார்க்கப் பட்டை வைப்போமே, அதில் நடுத்தரமான ஒன்றை, அவள் மத்தியானம் தூங்கும்போது சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் செருகி நூலால் கட்டினேன். நனைந்த கயிறு இழுக்க இழுக்க நீளும், விரல் மட்டும் நீளாதா என்று நினைத்தேன். அவள் விழித்தபோது விரல் வீங்கிப் பட்டை வரமாட்டேன் என்றது. தேங்காய் எண்ணெய் விட்டோம், சோப்புப் போட்டோம். அதற்குள் வாசலில் சிலிண்டர்காரர் வந்து, புத்தகத்தில் கையெழுத்துக் கேட்க, உன் அக்கா மரப்பட்டையோடு கையெழுத்துப் போட்டாள். "இன்னாம்மா, கை ஒடஞ்சிட்ச்சா?" என்று அவர் கேட்டார். "இன்னும் இல்ல. இனிமேதான் ஒருத்தருக்கு ஒடையும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

(இன்று புதன். கை வலிக்கிறது, ஆனால் முக்கியமான இடம் வந்துவிட்டதால் நிறுத்த மனமில்லை.)

இரண்டாவது உதவிதான் பெரிய உதவி. மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னது, "சத்தம் பத்தல, சத்தம் பத்தல" என்பது. நேற்று அவள் ரேஷன் கடைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து வயலினைக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்தேன். அதுவரை நான் அதைத் தொட்டது கிடையாது, தொட அவள் விட்டதும் கிடையாது. பார்த்தால், வயிற்றுப் பலகையில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, நெளிந்து நெளிந்து இரண்டு நீளமான ஓட்டை! செய்தவன் வேலையை முடிக்காமலே கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். படகில் ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே வரும். இதில் ஓட்டை இருந்தால் சத்தம் வெளியே ஒழுகும். பிறகு எப்படிப் பத்தும்? உடனே பஞ்சைத் திரித்து, மெழுகைக் காய்ச்சி அதில் முக்கி, இரண்டு ஓட்டையையும் அடைத்து, கட்டைவிரலால் தேய்த்துச் சமமாக்கினேன். நான் அடைத்த எந்தப் படகும் இத்தனை அழகாக அமைந்ததில்லை. ஒரு நிமிஷம் தூரத்தில் வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பெட்டியை மூடி வைத்துவிட்டேன். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் மாடியில் அவள் வில்லை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஜலதோஷம் பிடித்தவன் தலையணைக்குள் பேசுவது மாதிரி ஒரு குரல் வந்தது. கூட இருந்த எட்டுப் பேரும் வில்லை நிறுத்தினார்கள். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே வந்தார்.

"எவன்யா வயலினுக்குப் படகு ஓட்டை அடச்சவன்?"

பாடம் விட்டு நானும் கதவருகே நின்றிருந்தேன். வகுப்பில் பழகிய பழக்கத்தில் கையைத் தூக்கினேன்.

"அது ஓட்டை இல்ல நைனா! அதான் அதுக்கு வாயி! அத்த அடச்சா வயலினு இல்ல, வெறும் பலகப் பொட்டி!"

என்னைத் திட்டக்கூட உன் அக்காவுக்கு நேரமில்லை, அவ்வளவு கோபம். மெழுகை எடுக்கக் கொண்டை ஊசி நீட்டினார்கள். பலகை கீறிவிடும் என்று மாஸ்டர் தடுத்தார். அவர் விரல் நுழையவில்லை, எட்டுப் பேர் விரலும் நுழையவில்லை. என் விரலைப் பற்றிக் கேட்காதே. "தள்ளுங்க எல்லாம்" என்றாள். வயலின் தோளில் இருந்தபடியே, வலது கையில் வில் இருந்தபடியே, இடது கையைக் கழுத்துப் பலகையிலிருந்து எடுத்து வலப்பக்கத்து ஓட்டைக்கு நீட்டினாள். ஐஸ் பெட்டி மூலையில் கடைசி இறாலை எடுக்க முழங்கையை உள்ளே மடக்கி விடுவாளே, நீயும் சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாய், அதே மாதிரி முழங்கை வயலினுக்கு அடியில் போய் நெஞ்சுப் பக்கம் வந்தது. சுண்டு விரல் நுனி மட்டும் ஓட்டையின் கோடியில் நுழைந்தது. திரி முழுசாக வந்தது. அதை என் சட்டைமேல் எறிந்துவிட்டு, கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனாள். கோபத்தில் முழங்கையை மட்டும் திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டாள்.

"ஆடாத!" என்று மாஸ்டர் கத்தினார். நான் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என்னை இல்லை, அவளை. "அப்டியே நில்லு முத்தம்மா! மொழங்கைய எடுத்துராத! இப்போ சுண்டு விரல மொதல்ல வை. மத்த மூணும் அதுக்குப் பின்னால வந்து குந்தட்டும்."

வைத்தாள். எட்டவே தேவையில்லை தேசிங்கு, விரல் போய் அந்த இடத்தில் வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்தது. ஒரு பக்கத்து ஓட்டை இன்னும் அடைத்தே இருந்தது, ஆனாலும் அந்தச் சத்தம் கூடம் முழுக்கப் போயிற்று. ஒன்றரை வருஷமாக முதல் விரலை வைத்துவிட்டுச் சுண்டு விரலை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாளாம். சுண்டு விரலை முதலில் வைத்துவிட்டால் மற்றவை பின்னால் சாய்ந்து வந்துவிடுமாம். கை நீள வேண்டியதே இல்லை, முழங்கை உள்ளே வந்தால் போதும். இன்னொன்றும் மாஸ்டர் சொன்னார். மேலே போகப் போகச் சுரங்களுக்கு நடுவில் இடம் நெருங்குமாம், பெரிய விரல்கள் ஒன்றை ஒன்று மிதிக்குமாம், இவள் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்குமாம். "ஒன் கைக்குக் கொறச்சலே இல்ல, நாந்தான் ஒழுங்காப் பாக்காத வுட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மாஸ்டரே சொல்லிவிட்டார், மச்சான். இனி சொல்ல வேண்டியது நீ ஒருவன்தான்.

வழியெல்லாம் அவள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது திரும்பி, "மெழுகு வாசன நல்லாத்தான் கீது" என்றாள். இனி அந்த வயலினைத் தொட மாட்டேன் என்று கடலைப் பார்த்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

ஆகவே நீ கட்டாயம் வர வேண்டும். அவளுக்குத் தெரியாமல் வந்து முதல் வரிசையில் உட்கார். அவள் கூப்பிடவில்லை என்று மனதில் வைக்காதே, நான் கூப்பிடுகிறேன். உன் படகு நிறைந்து வரட்டும், பேரன் இரண்டு காதாலும் நல்லதையே கேட்கட்டும்.

இப்படிக்கு,
(கையெழுத்து, கைநாட்டு இல்லை)
குமாரவேல்

பி.கு. இன்று திங்கள். கடைசி வரியை எழுதித் தபால்தலை ஒட்டுவதற்குள் விழா நேற்று முடிந்துவிட்டது. நீயும் வந்துவிட்டாய். நான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்த அந்த வெள்ளிக்கிழமையே அக்கா உனக்குப் போன் போட்டாளாம், நீயும் போனிலேயே மன்னிப்புக் கேட்டாயாம். ஒவ்வொரு நாளும் அரிசி டப்பாவை நகர்த்திப் படித்துவிட்டு, "அந்த ஆளு ஆசையா எழுதிகினு கீறாரு, கெடுக்காத" என்று உன்னையும் வாயை மூடச் சொல்லியிருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதற்கும் அவசியம் இல்லை. ஆனால் பத்து நாள் உழைப்பு, கிழிக்க மனம் வரவில்லை, அனுப்புகிறேன். நேற்று நீ கொண்டுவந்த கண்ணாடி வளையலும் வழக்கம்போல அளவு பெரிது. அவள் இடது கையைத் தூக்கியதும் எல்லாம் சரிந்து முழங்கையில் போய் நின்றுவிட்டன. நாலு தட்டு முழுக்க ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. நாலு தட்டுக்கு இவள் ஐந்து தட்டு நின்றாள், எட்டுப் பேரும் காத்திருந்தார்கள், நீ மெட்டு முடியுமுன்னே எழுந்து "எங்க அக்கா!" என்று கத்தினாய். இறங்கி வந்து அவள் உன்னிடம் சொன்னதை எழுதி வைக்கிறேன், நீ மறக்கக் கூடாது: "நாப்பத்தஞ்சு வருசமா மொழங்கைக்குத்தான் வளையலு வாங்கிகினு இருந்தியா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" அடுத்த வாரம் டீச்சர் பேனா கொடுக்கிறார், அதில் எழுதுகிறேன். ஒளித்து வைக்கப்போவதில்லை, அவளிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.